பக்கம் நாற்பத்து மூன்று

பீளமேடு, கோவை
11 மார்ச் 2024

அண்ணிக்கு,

வாட்ஸ்அப்பில் உங்களைத் தடுத்து வைத்திருப்பது இதற்குள் தெரிந்திருக்கும். போனில் பேசினால் கத்திவிடுவேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வீர்கள். பிறகு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அதனால்தான் காகிதம்.

வெள்ளிக்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தும்பி செயற்கைக்கோளுக்கு அனுமதி இல்லை. நூற்றுப் பன்னிரண்டு பக்க விண்ணப்பம் கொடுத்தோம். கேமரா, ரேடியோ, பேட்டரி எதைப் பற்றியும் ஒரு கேள்வி இல்லை. "43ஆம் பக்கத்தில் உள்ள கணக்கை விளக்கவும்" என்று ஒரே ஒரு வரி. யாரோ நேராக அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்த செயற்கைக்கோள் எத்தனை வருடத்தில் கீழிறங்கி எரிந்து போகும் என்ற கணக்கு. ஐந்து வருடத்துக்குள் என்பது நிபந்தனை. நாங்கள் நான்கு வருடம் எட்டு மாதம் என்று போட்டிருந்தோம். சோலார் பேனல்கள் எப்போதும் அகலவாக்கில் மேலே உள்ள கொஞ்சநஞ்சக் காற்றையும் மறித்துக்கொண்டிருக்கும், சூரியனும் எப்போதும் உச்ச உக்கிரத்தில் இருந்து அந்தக் காற்றை உப்ப வைக்கும் என்று எடுத்துக்கொண்டால் அந்த எண் வரும். உண்மையில் 620 கிலோமீட்டர் உயரத்தில் அது இருபது வருடமாவது சுற்றும்.

இது தெரிந்தவர்கள் நான்கு பேர். நான், என் கூட்டாளி அபிஷேக், அண்ணன், நீங்கள். ஜனவரியில் உங்கள் கிட்வாய் நகர் வீட்டில் அடை சாப்பிட்டுக்கொண்டே சிரித்துக்கொண்டு சொன்னேன்: "பேனலை விரிச்சு வெச்ச மாதிரி போட்டுட்டோம் அண்ணி, யாரு பாக்கப் போறா!" அபிஷேக் சொல்லியிருக்க மாட்டான். அண்ணனுக்கு 43ஆம் பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஜூன் மாத ராக்கெட்டில் எங்களுக்கு இருந்த இடம் போய்விட்டது. மூன்று வருட உழைப்பு. வயலில் வைக்கோல் எரிக்கும் சின்னத் தீயைக்கூட மாலை நேரத்தில் கண்டுபிடிக்கும் கேமரா. நவம்பரில் உங்கள் மகள் இந்துஜா மூக்கில் நெபுலைசரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அந்தப் புகைக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாதா?

எம்.டெக். படித்த இரண்டு வருடமும் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். அம்மா கல்யாணம் என்று நின்றபோது எனக்காகச் சண்டை போட்டவர் நீங்கள். அதனால்தான் இவ்வளவு கோபத்திலும் கேட்கிறேன். நீங்கள் சொன்னீர்களா? ஆமாம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும்.

சுபிக்ஷா

*

கிழக்கு கிட்வாய் நகர், புது டெல்லி
24 மார்ச் 2024

அன்புள்ள சுபி,

ஆமாம். நான்தான் சொன்னேன்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனாலும் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 12 அன்று உன் கோப்பு என் மேஜைக்கு வந்தது. கம்பெனி பெயரைப் பார்த்ததுமே, விண்ணப்பதாரர் என் கணவரின் தங்கை, வேறு ஒருவரிடம் கொடுக்கவும் என்று குறிப்பு எழுதி இயக்குநரிடம் எடுத்துப் போனேன். அவர் கையெழுத்துப் போட்டார். என் பங்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் கதவருகே போனபோது அவர், "இஸ்மே குச் தேக்னே லாயக் ஹை, மேடம்?" என்றார். இதில் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று எல்லாரிடமும் எல்லாக் கோப்புக்கும் கேட்கும் கேள்விதான். மரியாதைக்குக் கேட்பது. "நஹி சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, "பேஜ் ஃபார்ட்டி த்ரீ தேக் லீஜியே" என்றேன், 43ஆம் பக்கத்தைப் பாருங்கள் என்று.

ஏன் என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமைதோறும் எங்களுக்கு ஒரு பட்டியல் வரும். அந்த வாரம் எந்தச் செத்த கோள் எந்த உயிருள்ள கோளுக்குப் பக்கத்தில் கடக்கப்போகிறது என்ற பட்டியல். செத்தது திரும்பாது, விலகாது. உயிரோடு இருப்பதுதான் எரிபொருளைச் செலவழித்து விலக வேண்டும். சில வாரங்களில் மனிதர்கள் தங்கியிருக்கும் விண்வெளி நிலையமே விலகியிருக்கிறது. நான்கு வருடமாக அந்தப் பட்டியலைப் படிக்கிறேன். அதில் ஒரு வரியாக உன் தும்பி இருபது வருடம் வந்துகொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அலுவலகக் குறிப்பு மாதிரி இருக்கிறது. என்னை உறுத்துவது வேறு. வேறு யாருடைய விண்ணப்பமாக இருந்தாலும் எனக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்காது. நீ என்னை நம்பிச் சொன்னதால்தான் தெரிந்தது.

அத்தை போன் செய்தார்கள். "ஏங்கண்ணு, வூட்டுல பேசுனத ஆபீசுல போயிச் சொல்லுவாங்களா?" என்று கேட்டார்கள். உன் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போகிறார். இந்துஜா மட்டும்தான், "சுபி அத்தை கா சாட்டிலைட் கப் ஜாயேகா?" என்று, எப்போது மேலே போகும் என்று, தினமும் கேட்கிறாள்.

அந்தக் கதவருகில் நின்றபோது இந்துஜாவின் நெபுலைசரும் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று பொய் எழுத மாட்டேன்.

மதுமதி

*

கோவை
2 ஏப்ரல் 2024

அண்ணிக்கு,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இல்லை என்று எழுதியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

உங்கள் பட்டியலில் ஆயிரக்கணக்கான குப்பை இருக்கிறது. பெரிய நாடுகள் போட்டது, பெரிய கம்பெனிகள் போட்டது. பன்னிரண்டு கிலோ எடையுள்ள என் பெட்டிதான் உங்கள் கண்ணில் பட்டது.

இனி நான் உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் வாயைத் திறக்கும்முன் யோசிப்பேன். அதனால் வராமலே இருந்துவிடுகிறேன். பதில் எழுத வேண்டாம்.

சுபிக்ஷா

*

கிழக்கு கிட்வாய் நகர், புது டெல்லி
18 நவம்பர் 2024

சுபி,

பதில் எழுத வேண்டாம் என்றாய். ஏழு மாதம் கேட்டு நடந்தேன். இதற்குமேல் முடியவில்லை.

இன்று ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் தெரியவில்லை. பள்ளிகளை மூடிவிட்டார்கள், இந்துஜா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இருமிக்கொண்டே ஆங்கில இலக்கணம் படிக்கிறாள். காற்று சுத்திகரிக்கும் மெஷினில் சிவப்பு விளக்கு நான்கு நாளாக அணையவில்லை. உன் முதல் கடிதத்தின் அந்த நெபுலைசர் வரியை இன்று பத்து முறையாவது நினைத்திருப்பேன். தும்பி ஜூனிலேயே மேலே போயிருந்தால் இந்த வாரம் எந்த வயலில் எந்த நேரத்தில் தீ வைத்தார்கள் என்று ஒரு வரைபடம் இருந்திருக்கும். இதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியவள்தான்.

உன் புது விண்ணப்பம் வந்திருப்பதைப் பதிவுப் பட்டியலில் பார்த்தேன். முதல் நாளே விலகிக்கொண்டேன். அதைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் எழுத மாட்டேன், எழுதவும் கூடாது.

இந்தக் கடிதம் வேறு ஒரு விஷயத்துக்காக. போன வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது உன் அண்ணன் திடீரென்று சொன்னார்: "மதி, நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா அவளக் கூப்பிட்டு, 'அந்தப் பக்கத்த நீயே திருத்திக் குடு, இல்லேன்னா நான் சொல்லிருவேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவளே திருத்தியிருப்பா."

எட்டு மாதத்தில் அவர் இதைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து கீரையை ஆய்ந்துகொண்டு யோசித்தேன். ஜனவரியில் நீ அதைச் சொன்னபோது நானும் சிரித்தேன், சுபி. அப்போதே, "அது சரியில்லை அம்மிணி, மாத்து" என்று சொல்லியிருக்க வேண்டும். நீ சந்தோஷமாக இருந்தாய், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுப்பில் அடையைத் திருப்பப் போய்விட்டேன். உன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாததை ஒரு மாதம் கழித்து உன் முதுகுக்குப் பின்னால் சொன்னேன்.

இயக்குநரிடம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. உன்னிடம் முதலில் சொல்லாததற்குக் கேட்கிறேன்.

மதுமதி

*

பீளமேடு, கோவை
9 பிப்ரவரி 2025

அண்ணி,

தும்பி மேலே இருக்கிறது!

அண்ணன் சொல்லியிருப்பான். ஆனாலும் நானே எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அபிஷேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். போன மே மாதம் அவன் ஒரு யோசனை சொன்னான். இதே கோளை, இதே கணக்கோடு, கேள்வி கேட்காத ஒரு நாட்டில் பதிவு செய்து அனுப்பிவிடலாம் என்று. சட்டப்படி வழி இருந்தது. வக்கீலைக்கூடப் பார்த்துவிட்டு வந்திருந்தான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். "உன் அண்ணி சொன்னதுதான் உனக்கு வேதமா?" என்றான். அப்போது உங்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது! அந்த 43ஆம் பக்கத்தைத் தட்டச்சு செய்தது நான்தான் அண்ணி. அந்த எண்ணை அடிக்கும்போதே அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஜூலையில் அவன் விலகிப் போனான். சண்டை இல்லை, கை குலுக்கிவிட்டுத்தான் போனான். எனக்கு வலது கை போன மாதிரி இருந்தது.

பிறகு இரண்டு முடிவு எடுத்தோம். சுற்றுப்பாதையை 510 கிலோமீட்டருக்கு இறக்குவது. கோளின் அடிப்பக்கத்தில் கப்பல் பாய் மாதிரி ஒரு பாயை மடித்து வைப்பது. சாக்லேட் தாளைவிட மெல்லிய படலம். விரிந்தால் ஆளுக்கு ஆள் கை கோத்து நான்கு பேர் சுற்றி நிற்கிற அகலம். அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று உண்டு, பாய் விரிந்தால் அந்தக் காற்று கோளைப் பிடித்து இழுத்து மாதக் கணக்கில் கீழே கொண்டுவந்துவிடும். கோள் மொத்தமாகச் செத்துப்போனாலும் பாய்க்கென்று தனி பேட்டரி, தனிக் கடிகாரம். பூமியிலிருந்து முப்பது நாள் எந்தச் செய்தியும் வராவிட்டால் அது தானே கட்டை அறுத்துக்கொண்டு விரியும்.

சொல்லச் சுலபம். விரித்துப் பார்க்கக் காற்றே அசையாத பெரிய இடம் வேண்டும். ஆடியில் காலியாகக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். யாரும் மறந்துபோய் ஃபேனைப் போட்டுவிடக் கூடாது என்று அம்மா சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பதினோரு தடவை சிக்கியது. ஒரு தடவை பாதியில் கிழிந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ரிசப்ஷனுக்குப் பந்தல் டிசைனுங்களா?" என்றார். பன்னிரண்டாவது தடவை, பூ மாதிரி என்று எழுத மாட்டேன், குடை மாதிரி படாரென்று விரிந்தது. அம்மா எழுந்து நின்று கை தட்டினாள்.

வெளிநாட்டு ராக்கெட் ஒன்றில் இடம் கிடைத்தது. ஜனவரியில் பல நாட்டுக் கோள்களோடு தும்பியும் போனது. எங்கள் மொட்டை மாடி ஆன்டெனாவுக்கு மேலே முதல் தடவை கடந்தபோது சத்தமே இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு மூன்றாவது தடவை. திரையில் ஒரு கோடு எழும்பியது. பிறகு எழுத்துகள். பேட்டரி வெப்பம் 11 டிகிரி. என் வாழ்க்கையில் வந்த மிக நல்ல செய்தி அதுதான்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். சந்தோஷம் முழுசாக ஆகவில்லை. உங்கள் நவம்பர் கடிதம் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். கோபம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

வாட்ஸ்அப் தடுப்பை எடுத்துவிட்டேன். ஆனால் கடிதமே எழுதுங்கள். எனக்கு இது பழகிவிட்டது.

சுபிக்ஷா

*

கிழக்கு கிட்வாய் நகர், புது டெல்லி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள சுபி,

உன் கடிதத்தை லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில் நின்று பிரித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "சப் டீக் ஹை, பேட்டி?" என்று நலம் விசாரித்தார். "மேரி நனத் கா சாட்டிலைட் ஊப்பர் ஹை" என்றேன், என் நாத்தனாரின் சாட்டிலைட் மேலே இருக்கிறது என்று. அவருக்கு என்ன புரிந்ததோ, என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

உன் அண்ணன் அந்த மண்டபப் பகுதியை மூன்று முறை சத்தமாகப் படிக்கச் சொன்னார். அத்தை சுவிட்ச் போர்டைக் காவல் காத்த இடத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருடமாக இந்த வீட்டில் அந்தச் சிரிப்புச் சத்தம் இல்லை.

அபிஷேக் போனது எனக்கு வருத்தம். அன்று நீ வேண்டாம் என்று சொன்னதற்கு நான் உன்னைப் பாராட்டினால் உனக்குக் கோபம் வரும். அதனால் பாராட்டவில்லை.

கீழே உள்ளது இந்துஜா கைப்பட எழுதியது. திருத்தவில்லை.

"சுபி அத்தே, தும்பி போட்டோ அனுபு. என் ஸ்கூல் மேல வரும்போ சொல்லு. நான் கை காடுவேன்."

மதுமதி

*

பீளமேடு, கோவை
14 செப்டம்பர் 2025

அண்ணி,

கெட்ட செய்தியை முதலில் சொல்கிறேன். தும்பி செத்துவிட்டது.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் கோதுமை அறுவடைக்குப் பிறகு வைத்த தீயை அழகாகப் பிடித்துக் கொடுத்தது. இரண்டு மாவட்டங்களில் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு ஆட்கள் வயலுக்கே போனார்கள். ஜூலை 26 அன்று காலை வழக்கம்போலக் கடக்கும் நேரத்தில் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. பேட்டரியில்தான் கோளாறு. பழைய வடிவத்துக்கு வாங்கிய அதே பேட்டரி. எங்கள் சோதனையில் நாங்கள்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். வேறு யாரையும் கை காட்ட முடியாது. மூன்று வருடம் ஓட வேண்டியது ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. நவம்பர் புகையை அது பார்க்கப் போவதில்லை. இந்துஜாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள்.

பிறகு நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 25 முப்பதாவது நாள், பாய் தானே விரிய வேண்டிய நாள். எங்களுக்கு எதுவும் தெரிய வழியில்லை. செத்த கோள் செய்தி அனுப்பாது. வெளியிலிருந்து ரேடாரில் பார்ப்பவர்கள் போடும் உயரக் கணக்குதான் ஒரே வழி. 26ஆம் தேதி மாற்றம் இல்லை. 27 இல்லை. 28ஆம் தேதி நம் பையன்களில் ஒருவன் திரையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். அதுவரை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த கோடு, ஒரேயடியாகக் கீழே சாய்ந்திருந்தது. பாய் விரிந்துவிட்டது அண்ணி! யாரும் சொல்லாமல், கேட்க யாரும் இல்லாமல், சொன்ன நாளில் அது தன் வேலையைச் செய்துவிட்டது. ஆபீசே எழுந்து குதித்தது. செத்துப்போன ஒன்றுக்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டம் வேறெங்கும் இருந்திருக்காது.

அன்று மாலை நான் தனியாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். பழைய வடிவம், பழைய 620 கிலோமீட்டர், அதே பேட்டரி. அங்கேயும் ஆறாவது மாதம் செத்திருக்கும். பிறகு இந்துஜா கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், அவளுக்குக் கல்யாணமாகும் வரைக்கும் அது மேலே சுற்றிக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் உங்கள் பட்டியலில் என் பெயரோடு வந்திருக்கும்.

நீங்கள் செய்தது சரி. செய்த விதம் இன்னும் வலிக்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத முடிகிற அளவுக்கு இப்போது வந்துவிட்டேன்.

சுபி

*

கிழக்கு கிட்வாய் நகர், புது டெல்லி
19 ஜனவரி 2026

என் அன்பு சுபி,

சனிக்கிழமை தும்பி தென் பசிபிக் கடலுக்கு மேலே எரிந்து முடிந்தது என்ற குறிப்பு இன்று வந்தது. பட்டியலில் ஒரு வரி குறைந்தது. எங்கள் பிரிவில் இளைய அதிகாரி ஒருவர், "சாஃப் கயா, மேடம்" என்றார். சுத்தமாகப் போய்விட்டது என்று. நான் காபி வாங்குகிற சாக்கில் எழுந்து போய் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இந்துஜாவுக்குச் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டேன். அழவில்லை. "தோ அத்தை தூஸ்ரா பனாயேகி" என்று, அப்படியானால் அத்தை இன்னொன்று செய்வாள் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நீ ஆறு கோள்களுக்கு விண்ணப்பிக்கப் போவதாக உன் அண்ணன் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். அடுத்த மாதம் அனுமதிக் குழுவின் முன்னால் நீயே வந்து விளக்க வேண்டியிருக்கும். அந்த அறையில் என் நாற்காலி காலியாக இருக்கும். நீ உள்ளே வரும்போது நான் வெளியே போய்க்கொண்டிருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதே.

எங்கே தங்குவாய் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

மதுமதி

*

பீளமேடு, கோவை
2 பிப்ரவரி 2026

அண்ணி,

டிக்கெட் போட்டாகிவிட்டது. 15ஆம் தேதி ஞாயிறு காலை வருகிறேன், 17ஆம் தேதி செவ்வாய் குழு. அபிஷேக்கும் வருகிறான். ஆமாம், திரும்பி வந்துவிட்டான். பாய் விரிந்த செய்தியைப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். "மை ஃபிர் ஸே ஆவூங்?" என்றான், மறுபடி வரட்டுமா என்று. நான் "வா" என்றேன். அவன் மலை மந்திர் பக்கத்தில் நண்பன் வீட்டில் தங்குகிறான். நான் உங்கள் வீட்டில்.

அம்மா, "அங்கெ போயி வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கோணும்" என்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். ஆறு கோளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். நானும் முயற்சி செய்கிறேன். ஆனால் என்னை உங்களுக்குத் தெரியும். தட்டு முன்னால் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். இந்த முறை கணக்கெல்லாம் நேராகத்தான் போட்டிருக்கிறோம், மூன்று பேர் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். ஆனாலும் நானும் மனுஷிதானே.

அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். நான் சொல்வதில் எது தப்பாகத் தெரிந்தாலும் சிரிக்காதீர்கள், அடுப்பைப் பார்க்கப் போகாதீர்கள். அங்கேயே, என் முகத்தைப் பார்த்து, "மாத்து" என்று சொல்லுங்கள். நான் கத்துவேன். கத்தட்டும் என்று விட்டுவிடுங்கள். அப்புறமும் நான் மாற்றாவிட்டால், திங்கட்கிழமை காலையில் நேராக ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

சாயந்திரம் நீங்கள் திரும்பி வரும்போது நான் வீட்டில்தான் இருப்பேன்.

உங்கள் சுபி